ஆங்கிலத்தில் இணைப்பு வினையும் புலன் வினையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, சங்க இலக்கியத்திலோ சைவத் திருமுறைகளிலோ ஒரு பொருளை நான் எடுத்துக்கொள்வேன் என்றே எதிர்பார்த்திருப்பர். தமிழ் கற்பிப்பவன் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி எழுதப் புகுவது, தன் வளவிலே கிணறு இருக்க அயல் வீட்டுக் கிணற்றில் நீர் அள்ளப் போவது போன்றதெனச் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும் இப்பொருளில் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. அதனைத் தீர்ப்பதற்கு இதுவே தக்க இடமெனத் தோன்றிற்று.

பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளியேறிய புதிதில் ஒரு சிறு பாடசாலையிலே பணிபுரிந்தேன். அங்கிருந்த ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் நெடுநாளாக வேறொருவர் வரவில்லை. தமிழ் இலக்கணம் கற்பிப்பவருக்கு ஆங்கில இலக்கணம் வராமலா போகும் என்று கருதி எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். மாணவன் ஒருவன், தந்தையார் வீட்டுக்கு வந்தபோது கோபமாகக் காணப்பட்டார் என்னும் கருத்தில், 'மை ஃபாதர் லுக்ட் அங்கிறி' எனத் தன் கட்டுரையில் எழுதியிருந்தான். நான் 'அங்கிறி' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி 'அங்கிறிலி' எனத் திருத்தினேன். வினையைத் தழுவி வருவது வினையடை. வினையடைக்கு ஈற்றிலே 'லி' வேண்டும். தமிழிலும் 'கோபமாக' என்றுதானே சொல்கிறோம் என்று விளக்கமும் கொடுத்தேன். வகுப்பு முழுவதும் அதனை எழுதிக்கொண்டது.

சில வாரங்களின்பின் அதே மாணவன் ஆங்கில வாசிப்பு நூல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சேர், இந்தப் புத்தகத்திலை பிழையாக அச்சடிச்சிருக்கினம்" என்று பணிவோடு கூறி ஒரு வரியைச் சுட்டிக் காட்டினான். அங்கே 'லுக்ட் அங்கிறி' என்றே இருந்தது. ஆசிரியர் பிழை விட்டிருப்பார் என்னும் எண்ணம் அவனுக்குக் கனவிலும் தோன்றவில்லை; புத்தகமே பிழை என்று தீர்மானித்துவிட்டான். அன்றிரவு கையிற் கிடைத்த இலக்கண நூல்களையெல்லாம் புரட்டினேன். பிழை அச்சகத்தாருடையது அன்று. மறுநாள் வகுப்பிலே அதனை ஒப்புக்கொண்டேன். ஆனால் தான் எழுதியது ஏன் சரி என்று அவன் கேட்டபோது, "அது ஒரு விதிவிலக்கு, மனனஞ் செய்துகொள்" என்று சொல்லித் தப்பிவிட்டேன். அது விதிவிலக்கு அன்று. அன்று கொடுக்கத் தவறிய விளக்கத்தையே இங்கு எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்திலே தருகிறேன். மாணாக்கர் அவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துக்கொள்க.

தமிழிலே 'அவர் ஆசிரியர்' என்கிறோம். 'காகம் கரிது' என்கிறோம். இரண்டும் நிறைந்த வாக்கியங்கள். முன்னதிற் பெயரே பயனிலை. பின்னதிற் குறிப்பு வினைமுற்றுப் பயனிலை. எழுவாய் கொள்ளும் பயனிலைகளை ஆறாக வகுத்த தொல்காப்பியர், வினையைச் சொல்வதையும் பண்பைச் சொல்வதையும் பெயரைக் கொண்டு முடிவதையும் ஒரே வரிசையில் வைத்தார். பெயரும் பண்பும் தம் காலிலே நின்று வாக்கியத்தை முடிக்க வல்லன. அவற்றைத் தாங்குவதற்கு வேறொரு வினைச்சொல் வேண்டியதில்லை. இது தமிழுக்கு மட்டும் உரிய புதுமையும் அன்று. சிங்களத்திலும் 'அவர் ஆசிரியர்' என்பதற்கு இடையில் வினை வேண்டியதில்லை. உருசிய மொழியும் அரபு மொழியும் நிகழ்காலத்தில் இவ்வாறே அமையும்.

ஆங்கிலமோ வினைமுற்று இல்லாத வாக்கியத்தை வாக்கியமென ஏற்பதில்லை. 'ஹீ ரீச்சர்' என்றால் இரண்டு சொற்கள் பக்கத்திற் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவே. 'ஹீ இஸ் எ ரீச்சர்' என்றபின்பே அது வாக்கியம். இந்த 'இஸ்' என்ன செயலைக் கூறுகிறது? ஒரு செயலையும் கூறவில்லை. எழுவாயையும் அதனைப் பற்றிச் சொல்லப்படும் பெயரையோ பண்பையோ பிணைத்து நிற்கிறது, காலத்தையும் காட்டுகிறது. ஆகவேதான் இதனை இணைப்பு வினை என்கின்றனர். 'கொப்புலா' என்னும் இலத்தீன் பெயராலும் இது வழங்கும். அதன் பொருளும் பிணைப்பு என்பதே. 'பீ' என்னும் வினையே இவ்வகையில் தலையாயது. அது 'அம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்', 'பீன்', 'பீயிங்' என்பவற்றையும் சேர்த்து 8 வடிவங்களாக வரும்.

காலத்தைக் காட்டும் வேலையைச் சிறிது கவனிக்க வேண்டும். குறிப்பு வினை காலத்தை வெளிப்படையாகக் காட்டாது என்பது, ஆறுமுக நாவலர் (1822–1879) வசனநடையில் எழுதிய இலக்கணச் சுருக்கத்தைப் படித்தவர் எவரும் அறிந்தது. 'அவர் ஆசிரியர்' என்னுந் தொடரை இறந்த காலத்துக்குக் கொண்டுபோக விரும்பினால் நாமும் 'ஆசிரியராக இருந்தார்' என்று 'இரு' என்னும் வினையைக் கடன் வாங்குகிறோம். நாம் தேவைப்பட்டபோது வாங்கும் இக்கடனை ஆங்கிலேயர் எப்பொழுதுமே வாங்குகின்றனர் என்று மாணாக்கருக்குச் சொன்னால் விரைவில் விளங்கிக்கொள்வர்.

இது விளங்காத மாணவன் முதலில் 'இஸ்' என்பதை விட்டுவிடுவான். நாம் அடித்துத் திருத்திய பின்னர், அது எங்கும் வேண்டுமென்று எண்ணி 'ஹீ இஸ் கோஸ் ரு ஸ்கூல்' என எழுதத் தொடங்குவான். போதல் ஒரு செயல். அது தானே பயனிலையாய் நிற்க வல்லது. அதற்குப் பிணைப்பு எதற்கு? 'ஹீ இஸ் கோயிங்' என்னுமிடத்தில் வரும் 'இஸ்' துணைவினை; அது வேறு தொழில் செய்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கில 'இஸ்' நமது தமிழுக்குள்ளும் புகுந்துவிட்டது. 'கொழும்பு ஒரு துறைமுக நகரம்' என்று எழுதினால் நிறைவு தோன்றாமல், வரிதோறும் கடைசியில் 'ஆகும்' என்று ஒட்டுகின்றவர் பலர். என் மாணாக்கரின் கட்டுரைகளில் இந்த 'ஆகும்' என்பதை வெட்டியே எத்தனையோ பேனைகளின் மை தீர்ந்திருக்கிறது.

இணைப்பு வினைக்குப் பின்னால் வருவது எழுவாயைச் சேர்ந்தது. வினையைச் சேர்ந்தது அன்று. இவ்வொன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே அவிழும். கணிதத்தில் வரும் சமக் குறியை இணைப்பு வினையின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். குறியின் இருபுறமும் ஒரே பொருளைப் பற்றியவை. ஆதலால் அங்கே வருவது பெயராகவோ பெயரடையாகவோ இருக்கும். செயலின் தன்மையைச் சொல்லும் வினையடைக்கு அங்கு வேலை இல்லை. முற்காலத்து ஆங்கில ஆசிரியர்கள் 'இற் இஸ் மீ' என்பதைப் பிழையென்று கண்டித்து 'இற் இஸ் ஐ' என்றே சொல்ல வேண்டுமென வற்புறுத்தியதும் இக்காரணத்தாலேதான். எழுவாய்க்குச் சமமானது எழுவாயின் வடிவிலேயே வரவேண்டும் என்பது அவர்கள் வாதம். இன்றைய இலக்கண நூலார் பேச்சு வழக்கில் 'மீ' வருவதை ஏற்றுக்கொண்டுவிட்டனர். மாணாக்கர் இதற்காக மனம் வருந்த வேண்டியதில்லை.

'பிகம்', 'சீம்', 'றிமெயின்' என்பனவும் இணைப்பு வினைகளே. 'ரேர்ன்', 'குறோ', 'கோ' போன்ற செயல் வினைகளும் சில இடங்களில் இத்தொழிலை மேற்கொள்ளும். பால் 'சவர்' ஆகப் 'போயிற்று' என்றும், இலை 'யெலோ' ஆகத் 'திரும்பிற்று' என்றும் ஆங்கிலேயர் கூறுவர். நாம் பால் புளித்தது என்கிறோம், இலை பழுத்தது என்கிறோம், முடிந்தது. பண்பையே வினையாக்கும் ஆற்றல் தமிழுக்கு மிகுதி. சிவந்தது, கறுத்தது, வெளுத்தது, இருண்டது என ஒரு சொல்லிலே நாம் சொல்வதை, ஆங்கிலம் பெரும்பாலும் இணைப்பு வினையொன்றும் பெயரடையொன்றுமாகப் பிரித்தே சொல்லும்.

இனிப் புலன் வினைகளுக்கு வருவோம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதலாக வகுக்குமிடத்து மெய், நா, மூக்கு, கண், செவி என்னும் முறையில் ஐம்புலனையும் வைக்கிறார். அந்த முறையிலேயே ஆங்கிலத்திலும் ஐந்து வினைகளை வரிசைப்படுத்தலாம்: 'ஃபீல்', 'ரேஸ்ற்', 'ஸ்மெல்', 'லுக்', 'சவுண்ட்'. இவ்வைந்தும் இருமுகம் உடையன. ஒரு முகத்தில் இவை செயல் வினை; மறு முகத்தில் இணைப்பு வினை. மயக்கம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது.

நாவை முதலில் எடுத்துக்கொள்வோம். சமையற்காரர் கறியைச் சுவை பார்க்கிறார். 'தி குக் ரேஸ்ற்ஸ் தி கறி'. இங்கே 'ரேஸ்ற்' செயல், செய்பவர் சமையற்காரர், செயப்படுபொருள் கறி. 'தி கறி ரேஸ்ற்ஸ் பிற்றர்' என்றாலோ கறி எதனையும் செய்யவில்லை. அதற்கு நாக்கும் இல்லை. அது கைப்பாக இருக்கிறது, அக்கைப்பை நாவினால் அறிகிறோம் என்பதே பொருள். 'இஸ்' என்னும் பிணைப்போடு, எந்தப் புலனால் அறிந்தோம் என்னும் செய்தியும் சேர்ந்ததே புலன் வினை.

தமிழிலோ பாவற்காய் கைக்கிறது, மாம்பழம் இனிக்கிறது, பழங்கஞ்சி புளிக்கிறது, கடல்நீர் உவர்க்கிறது, பாக்குத் துவர்க்கிறது, மிளகாய் உறைக்கிறது. அறுசுவைக்கும் ஆறு வினைகள். ஆங்கிலத்திலே வினை ஒன்று, பெயரடை ஆறு. ஆகையினால், 'இனிக்கிறது' என்பதை ஒரே வினையாக எண்ணிப் பழகிய தமிழ் மாணவன் அதனை ஆங்கிலத்திலே இரண்டாக உடைக்க வேண்டியவனாகிறான். உடைக்கும்போது 'இனிப்பாக இருக்கிறது' என்று முதலில் மனத்துக்குள்ளே மாற்றிக்கொள்கிறான். அந்த 'ஆக' என்பதே அவனைத் தடுக்கி விழுத்துகிறது.

எனது பழைய பிழையின் வேரும் இதுவே. தமிழில் 'ஆக' என்னும் ஈறு இரண்டு வேலை செய்கிறது. 'அவள் இனிமையாகப் பாடினாள்' என்னுமிடத்தில் அது பாடுதலாகிய செயலின் தன்மையைச் சொல்கிறது. 'அவள் குரல் இனிமையாக இருக்கிறது' என்னுமிடத்தில் குரலின் பண்பைச் சொல்கிறது. வடிவம் ஒன்று, தொழில் இரண்டு. ஆங்கிலத்திலே முன்னதற்கு 'லி' சேர்ந்த வினையடை வேண்டும். பின்னதற்குப் பெயரடை போதும். 'ஆக' வந்த இடமெல்லாம் 'லி' போடு என்று நான் கற்பித்தேன். 'தி மாங்கோ ரேஸ்ற்ஸ் ஸ்வீற்லி' என்று என் மாணாக்கர் எழுதினர். அவ்வாக்கியத்தின்படி மாம்பழந்தான் நாக்கை நீட்டி எதையோ இனிமையாகச் சுவை பார்க்கிறது! நல்ல கறுத்தக்கொழும்பானுக்குக்கூட அது இயலாது.

இந்த 'ஆக' என்பது 'ஆகு' என்னும் வினையிற் பிறந்த எச்சம் என்பதையும் இங்கே நினைவு கூர்க. ஆங்கிலம் வினைமுற்றில் வைக்கும் பிணைப்பைத் தமிழ் பண்புச் சொல்லின் வாலிலே கட்டி வைத்திருக்கிறது. 'இனிப்பாக இருக்கிறது' என்பதில் உள்ள 'ஆக இருக்கிறது' முழுவதுக்கும் ஈடாகவே ஆங்கில இணைப்பு வினை நிற்கிறது. ஆகவே 'ஆக' என்பதற்குத் தனியாக ஒரு 'லி' தேட வேண்டியதில்லை; அது ஏற்கெனவே வினைக்குள் அடங்கிவிட்டது.

எனவே மாணாக்கருக்கு ஒரு தமிழ்ச் சோதனையைச் சொல்லுவேன். வாக்கியத்தைத் தமிழில் நினைத்து, அதிலுள்ள வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இருக்கிறது' அல்லது 'இருந்தார்' என்று வைத்துப் பாருங்கள். கருத்து ஏறக்குறைய நிலைத்தால் 'லி' வேண்டாம்; கருத்து மாறிவிட்டால் 'லி' வேண்டும். தந்தையார் கோபமாகக் காணப்பட்டார். தந்தையார் கோபமாக இருந்தார். கருத்து நிலைக்கிறது, ஆகவே 'லுக்ட் அங்கிறி'. அவள் இனிமையாகப் பாடினாள். அவள் இனிமையாக இருந்தாள். இது வேறு செய்தி. ஆகவே 'சாங் ஸ்வீற்லி'.

என் திருத்தத்தில் ஓர் அநியாயமும் இருந்தது. 'லுக்ட் அங்கிறிலி' என்பதும் ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் அது வேறு பொருள் தரும். தந்தையார் ஒருவரைக் கோபத்தோடு பார்த்தார் என்பதே அது. யாரைப் பார்த்தார் என்று சொல்ல 'அற்' என்னும் சொல்லும் பின்னே வரும். முகத்திற் கோபம் தெரிந்தது என்பதும், கோபக்கண்ணால் நோக்கினார் என்பதும் ஒன்றல்ல. அந்தப் பையன் தன் தந்தையாரின் களைத்துச் சினந்த முகத்தைக் கண்டு எழுதினான். என் சிவப்பு மை அவரை யாரையோ முறைத்துப் பார்க்கச் செய்துவிட்டது.

மூக்கைப் பற்றிய புலன் வினையில் இவ்வேறுபாடு நகைச்சுவையாகவே வெளிப்படும். 'தி டோக் ஸ்மெல்ஸ் பாட்' என்றால் நாய் நாறுகிறது. அதனைக் குளிப்பாட்ட வேண்டும். 'தி டோக் ஸ்மெல்ஸ் பாட்லி' என்றால் நாய்க்கு மோப்ப சக்தி குறைவு, வேட்டைக்கு உதவாது. ஒரு 'லி' நாயைச் சுத்தமாக்கி மூக்கைக் கெடுத்துவிடுகிறது. சேக்ஸ்பியர் தம் ரோமியோ யூலியற் நாடகத்தில் ரோசாப்பூவின் மணத்தைப் பேசுமிடத்து 'ஸ்வீற்' என்றே எழுதினார், 'ஸ்வீற்லி' என எழுதவில்லை. அக்காலத்தில் 'லி' இல்லாத வடிவமே வினையடையாகவும் வழங்கியதுண்டாதலால், அதனை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் ஆகாது. எனினும் மனத்தில் வைத்துக்கொள்ள நல்ல உதாரணம். நமது மொழியிலே 'நாற்றம்' என்பது முன்னாளில் நறுமணத்துக்கு வழங்கிய சொல் என்பதும், இன்று அதன் நிலை தாழ்ந்துவிட்டது என்பதும் தமிழ் வகுப்பிற் சொல்லவேண்டிய வேறொரு கதை.

கண்ணுக்கும் செவிக்கும் ஆங்கிலம் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. தானே வந்து கண்ணிற் படுவது 'சீ'; முயன்று நோக்குவது 'லுக் அற்'; பொருள் தோன்றும் தோற்றம் 'லுக்'. அதுபோலவே 'ஹியர்', 'லிசின் ரு', 'சவுண்ட்'. நாவுக்கும் மூக்குக்கும் மெய்க்கும் மூன்று நிலைக்கும் ஒரே சொல்தான். தமிழிலும் இவ்வாறு இருமுகமுடைய வினைகள் இல்லாமற் போகவில்லை. குழந்தை பழத்தைச் சுவைக்கிறது, பழம் சுவைக்கிறது. நான் மணியோசையைக் கேட்டேன். எனக்கு மணியோசை கேட்டது. இவற்றைக் காட்டிய பின்னர் ஆங்கிலப் புலன் வினை மாணாக்கருக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

'எனக்கு' என்னும் இச்சொல்லிலே இன்னொரு முடிச்சு இருக்கிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது என்று நாம் நான்காம் வேற்றுமையிற் சொல்கிறோம். பசியும் குளிரும் நம்மிடம் வருவன. நாம் செய்வன அல்ல. ஆங்கிலமோ அனுபவிப்பவரையே எழுவாயாக்கி, 'ஐ ஃபீல் ஹங்கிறி', 'ஐ ஃபீல் கோல்ட்' என்று புலன் வினையால் இணைக்கும். 'தி வோற்றர் ஃபீல்ஸ் கோல்ட்' என்று தொடப்படும் பொருளையும் அதே வினையால் எழுவாயோடு இணைக்கும். குளிர் ஒருமுறை என்னைச் சேர்ந்தது, மறுமுறை தண்ணீரைச் சேர்ந்தது. இரண்டு இடத்திலும் வினைக்குப் பின் நிற்பது பெயரடையே.

சில நுணுக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கறி சுவையாக இருக்கிறது என்பதற்கு 'இஸ் ரேஸ்ரிங்' என்று தொடர்வினையாக எழுதுவது நம்மவரிடம் மிகுதி. பண்பைக் கூறும்போது 'ரேஸ்ற்ஸ்' என்பதே வழக்கு. 'லுக்', 'ஃபீல்' இரண்டும் இதற்குச் சிறிது இடங்கொடுக்கும். 'ஐ அம் ஃபீலிங் ரயர்ட்' என்பது பிழையன்று. புலன் வினைக்குப் பின் பெயர் வருமானால் 'லைக்' என்னும் சொல்லை இடையில் வைப்பது நல்லது. ஆசிரியர் போலத் தோன்றுகிறார் என்பது 'லுக்ஸ் லைக் எ ரீச்சர்'. 'வெல்' என்னும் சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். 'ஷீ லுக்ஸ் வெல்' என்பதில் அது வினையடை அன்று, உடல்நலத்தோடு இருக்கிறாள் எனப் பொருள்படும் பெயரடை.

மாணாக்கர் முயன்று பார்க்க ஐந்து வாக்கியங்களைத் தருகிறேன், ஆங்கிலத்தில் எழுதுக. பாட்டியார் ஒடியற் கூழைக் கவனமாகச் சுவை பார்த்தார். கூழ் நன்றாக உறைத்தது. மருத்துவர் குழந்தையின் நெற்றியை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். நெற்றி சூடாக இருந்தது. தாயார் கவலையாகக் காணப்பட்டார், பின்னர் கவலையோடு மருத்துவரைப் பார்த்தார். கடைசி வாக்கியத்தில் ஒரே சொல் இருவகையாக வரவேண்டும் என்பதை மறவாதிருக்க. விடைகளை வேண்டுமென்றே இங்குத் தரவில்லை. மாணாக்கர் தத்தம் ஆங்கில ஆசிரியரிடம் காட்டுக. பழைய மாணவர்கள் தத்தம் பிள்ளைகளிடம் காட்டித் திருத்தம் பெற்றுக்கொள்க.